பிரிந்து வாழ்வோருக்கு

தஞ்சாவூர்
12.1.2025

அன்புள்ள பரிதி,

நேற்று லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருக்கலாம். லைன் போகவில்லை, நான்தான் வைத்தேன். போனில் இனி நம் இருவராலும் இதைப் பேச முடியாது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறாய். எழுத்தில் அது நடக்காது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது.

கல்லூரி வானொலியில் நான் அறிவிப்பாளராகவும் நீ ஒலிப்பதிவு செய்பவனாகவும் இருந்த காலத்தில்கூட நாம் இப்படிச் சண்டை போட்டதில்லை. ‘காதோரம்’ நாம் இருவரும் சேர்ந்து தொடங்கியது. எழுதிப் பேசுவது நான். ஒலியைச் சுத்தம் செய்து இணையதளத்தில் ஏற்றி விற்பது, மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, நீ. தூக்கம் வர ஒன்று, மேடைப் பயம் போக ஒன்று என்று நான்கு ஒலிப்பதிவுகளோடு ஆரம்பித்தோம். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எதற்கு எது என்று எனக்கே சில சமயம் குழம்புகிறது.

கும்பகோணத்து அம்சவல்லி அம்மா தீபாவளித் தள்ளுபடியில் ஒரே நாளில் ஒன்பது வாங்கினார். ஒன்றையும் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினார். நீ உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாய், சரி. ஏன் கேட்கவில்லை என்று நான் அவரை அழைத்து விசாரித்ததுதான் உனக்குப் பிடிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று நேற்று நீ கேட்கவே இல்லை. “எல்லாமே எனக்குன்னு எழுதுன மாதிரி இருக்குங்க. எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. பட்டியலைப் பார்க்கப் பார்க்க எனக்கு இவ்வளவு கோளாறான்னு ஆயிடுச்சு” என்றார்.

உதவி தேடி வந்தவரை நாம் இப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். பட்டியலை இருபதாகக் குறைப்போம். வாங்கும் முன்பு நாலு கேள்வி கேட்டு, பொருத்தமானதை நாமே சொல்வோம். கனமான விஷயங்களை என்னிடம் பேசிய பிறகுதான் கொடுப்பது என்று வைப்போம். பள்ளியில் ஆலோசகராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், வியாபாரம் தெரியாமல் சொல்லவில்லை.

குந்தவை

*

மஸ்கட்
17.1.2025

அன்புள்ள அக்கா,

வாக்கியத்தை முடிக்க விடாததற்கு மன்னியுங்கள். இங்கே திருமண மண்டபங்களில் ஒலி அமைப்பு பார்க்கிறவனுக்குக் காதில் பாதிதான் விழும்.

நீங்கள் அம்சவல்லி அம்மாவைச் சொன்னீர்கள். நான் நாகூர் அப்துல் ஹமீது பாயைச் சொல்கிறேன். துணிக்கடை வைத்திருக்கிறவர். சிகரெட்டை விடுவதற்கானதை வாங்கினார். எப்படிப் போகிறது என்று நீங்கள் அழைத்து விசாரித்தீர்கள். அடுத்த நாள் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். “தம்பி, அந்தம்மா நல்லாத்தான் பேசுனாங்க. தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா நான் விட்டேனா இல்லையான்னு எனக்கும் படைச்சவனுக்கும் தெரிஞ்சா போதும்னுதான் உங்ககிட்ட வாங்குனேன்.” அதற்குப் பிறகு அவர் எதுவும் வாங்கவில்லை.

நம்மிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால்தான் வாங்குகிறார்கள், அக்கா. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் போய் நின்றால், அவள் வீடு திரும்புவதற்குள் மாமியாருக்குச் செய்தி போய்விடும். நம் இணையப் பக்கத்தில் அவள் பேர் மாற்றிப் போடலாம். யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு இடத்திலும் நாம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “சொல்லுங்க, என்ன பிரச்சினை?” என்று கேட்க வேண்டுமா?

ஒன்று செய்கிறேன். பக்கத்தின் அடியில் ‘எதை வாங்குவது என்று தெரியவில்லையா?’ என்று ஒரு பொத்தான் வைக்கிறேன். வேண்டுமென்பவர் அழுத்தட்டும், நீங்கள் பேசுங்கள். அதற்கான செய்திப்பெட்டியும் உங்களிடமே இருக்கட்டும். அழுத்தாதவரை விட்டுவிடுவோம். இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

டிசம்பரில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியதற்கும் சேர்த்துத் திட்டினீர்கள். இங்கே சம்பளம் ஒழுங்காக வருகிறது, அவ்வளவுதான் காரணம். பேராவூரணிப் பக்கம் ஊரில் எல்லோரும் நலம். செம்மொழி பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அம்மா அப்பாவுக்கு அவள் இருப்பது பெரிய துணை. பொங்கலுக்கு எங்கள் மகளை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள்.

பரிதி

*

தஞ்சாவூர்
2.2.2025

அன்புள்ள பரிதி,

பொத்தானை ஏற்றுக்கொள்கிறேன். முழு மனதோடு இல்லை.

இங்கே சம்பா அறுவடை. பள்ளியக்கிரகாரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன. ஓட்டுநர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் நான் பேசிப் பதிவு செய்ய முடிகிறது. உன் மச்சான் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலோடு உட்கார்ந்திருக்கிறார். ஈரப்பதம் அதிகம் என்று இன்னும் எடுக்கவில்லை. அடுத்து அனுப்பும் பதிவில் பின்னால் இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொண்டு சுத்தம் செய்.

பொத்தானை அழுத்துகிறவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்றைச் சொல்லி எதை முதலில் கேட்பது என்கிறார்கள். நான் ஒன்றைச் சொன்னதும் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்கள். தன் கதையைச் சொல்ல வருகிறவர்கள் அபூர்வம். இதில் நீ சொன்னது ஓரளவு சரி.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ‘பிரிந்து வாழ்வோருக்கு’ என்ற பதிவு. கணவனோடு தொடர்ந்து வாழ்வதா வேண்டாமா என்ற முடிவின் முன் நிற்கும் பெண்கள், பதறாமல் யோசிப்பதற்காக நான் எழுதியது. நம்மிடம் இருப்பதிலேயே கனமானது அதுதான். அதை வாங்கியவர்களில் சிலர், இது நாங்கள் நினைத்தது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்ன நினைத்து வாங்கினார்கள் என்பதை வற்புறுத்திக் கேட்க நீ வைத்த விதி இடம் கொடுக்கவில்லை.

அதை வாங்கியவர்களின் எண்களை மட்டும் எனக்குத் தொகுத்து அனுப்பு. அழைக்க மாட்டேன். ஒரு வரி எழுதி அனுப்புவேன், அவ்வளவுதான்.

குந்தவை

*

மஸ்கட்
7.2.2025

அக்கா,

நீங்கள் கேட்டதை இன்று விடுமுறையில் உட்கார்ந்து தொகுத்தேன். அனுப்பவில்லை.

அதில் ‘மங்கை’ என்று ஒரு பெயர். அந்தப் பெயரை எனக்குத் தெரியாது. எண்ணைத் தெரியும். தினமும் வேலை முடிந்ததும் நான் அழைக்கிற எண் அது. டிசம்பரில் வாங்கியிருக்கிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நான் அவளிடம் சொன்ன வாரத்தில்.

அந்தப் பதிவை நான்தான் சுத்தம் செய்தேன். மூச்சு இழுக்கும் சத்தத்தையும், நாற்காலி கிறீச்சிடுவதையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளே என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று இன்றுதான் உட்கார்ந்து கேட்டேன்.

அவள் பொத்தானை அழுத்தினாளா? உங்களிடம் பேசினாளா? என்ன சொன்னாள்? நேற்றுக்கூட என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். மகளுக்குச் சளி, மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று. உடனே எழுதுங்கள்.

பரிதி

*

தஞ்சாவூர்
8.2.2025

அன்புள்ள பரிதி,

உன் கடிதத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தேன். உன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறியவள் நான். உனக்கும் அவளுக்கும் நல்லது நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு கிடையாது.

ஆனால் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் பேசினாள் என்றும் சொல்ல மாட்டேன், பேசவில்லை என்றும் சொல்ல மாட்டேன். பொத்தானை அழுத்தி யார் வந்தாலும் எனக்கு அவர் வாடிக்கையாளர். உன் மனைவி என்றாலும் அப்படித்தான், என் சொந்தத் தங்கை என்றாலும் அப்படித்தான்.

அவளிடமே கேள்.

குந்தவை

*

மஸ்கட்
10.2.2025

அக்கா,

நேற்று பொத்தானுக்கான செய்திப்பெட்டியைத் திறக்கப் போனேன். கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியை உருவாக்கியவன் நான். இந்தக் கடையில் நானும் பாதி. என்னிடம் சொல்லாமல் பூட்டை மாற்றும் அளவுக்கு நான் யாரோ ஆகிவிட்டேனா?

நான் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி விசாரிக்கவில்லை. என் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறேன். எல்லாரிடமும் கேள்வி கேட்க வேண்டும், விட்டுவிடக் கூடாது என்று மாதக்கணக்காகச் சண்டை போட்டவர் நீங்கள்தானே? நான் இங்கே வேலையில் நிற்க முடியாமல் நிற்கிறேன். உங்களிடம் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். அதைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

இப்படியே இருந்தால் நாம் சேர்ந்து தொழில் செய்வதில் அர்த்தம் இல்லை.

பரிதி

*

தஞ்சாவூர்
11.2.2025

அன்புள்ள பரிதி,

பூட்டை மாற்றியது உனக்காக இல்லை. பொத்தான் வைத்த அன்றே, முதல் ஆள் பேசி முடித்ததுமே மாற்றிவிட்டேன். அந்தக் குரல்களை என்னைத் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாது என்று தோன்றியது. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. ஆனால் திறந்து தர மாட்டேன்.

கேள்வி கேட்க வேண்டும் என்று சண்டை போட்டேன், உண்மை. கேட்டதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. மருந்துக்கடையைப் பற்றி நீ எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அன்று அது எனக்குப் பேச்சுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. இப்போதுதான் புரிகிறது. எனக்குப் புரிகிற நேரத்தில் நீ அதை விட்டுவிடாதே.

அவளிடம் பேசு. ஏன் வாங்கினாய் என்று ஆரம்பிக்காதே. நீ எப்படிப் பார்த்தாய் என்பதை முதலில் சொல். உன் அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. வீட்டில் நாலு பேர் கூடத்தில் இருக்கும்போது கேட்காதே.

தொழிலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

குந்தவை

*

மஸ்கட்
28.2.2025

அன்புள்ள அக்கா,

இரண்டு வாரமாக அவளோடு தினமும் பேசினேன். சிலிண்டர் வந்ததா, பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கேட்க வாய் வரவில்லை. நேற்றுத்தான் சொன்னேன். ஒரு பட்டியல் தொகுக்கும்போது உன் எண்ணைப் பார்த்தேன், தேடிப் போய்ப் பார்க்கவில்லை என்றேன்.

முதலில் “அக்கா சொன்னாங்களா?” என்று கேட்டாள். இல்லை, எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை என்றேன். உங்களோடு போட்ட சண்டையையும் சொன்னேன். “அப்ப சரி. மாடிக்குப் போயிட்டுக் கூப்பிடுறேன்” என்றாள்.

அவள் அழைக்கும்வரை நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது அதில் எதுவும் இல்லை. “பேரைப் பார்த்ததும் நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு நெனச்சேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க. அதுக்குன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு” என்றாள். சும்மாவே என்னிடம் கேட்டு வாங்கியிருக்கலாமே என்றேன். “நீங்க இல்லாம கஷ்டமா இருக்குன்னு உங்ககிட்டயே எப்படிக் கேக்குறது?” என்றாள். “நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொல்ற ஆளு, நான் சொன்னா குறை சொல்றதா ஆகும்” என்றாள்.

கேட்கக் கேட்கத்தான் அது வேறு விஷயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பொத்தான் வந்த பிறகு உங்களிடம் பேசியதையும், தப்பாக வாங்கிவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று நீங்கள் சொன்னதையும் அவளே சொன்னாள். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். “அதுல ஒரு கேள்வி வருதுல்ல, உங்க வீட்டுல கடைசியா நீங்க எடுத்த முடிவு எதுன்னு. அதுக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கல. கிடைச்சதும் நிறுத்திக்கிறேன்னு அக்காகிட்ட சொன்னேன்” என்றாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன், அக்கா. எனக்கும் பதில் கிடைக்கவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது அப்பா. செம்மொழி ஊரில் அம்மா அப்பாவோடு இருக்கட்டும் என்று சொன்னது நான். இங்கே இரண்டு வருடம் நீட்டித்ததும் நான். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றிருக்கிறாள். அதை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீ என்னைவிட்டுப் பிரிய நினைக்கிறாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. “ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. முதல்ல எனக்குன்னு ஒரு முடிவு எடுத்துப் பார்க்கணும்” என்றாள். பட்டுக்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். பரீட்சை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வீடு எடுத்துப் போகப்போகிறாள். அம்மா என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தேன். “யார்கிட்டயும் கேக்கல. சொல்றேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

சரி என்றேன்.

தொழிலைப் பற்றிப் போன முறை எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் கேட்ட எண்களை இணைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

பரிதி

*

தஞ்சாவூர்
20.4.2025

அன்புள்ள பரிதி,

எழுத நாளாகிவிட்டது. நெல்லுக்குப் பணம் வந்து, உளுந்து எடுத்து, கோடை வெயில் வந்தாயிற்று. அறுவடை இரைச்சல் ஓய்ந்ததால் பதிவுகள் சுத்தமாக வருகின்றன.

அந்தப் பதிவின் பெயரை ‘மணவாழ்வைத் தொடர்வதா என்று யோசிப்பவருக்கு’ என்று மாற்றச் சொன்னேன், நீயும் மாற்றிவிட்டாய். நீளமாக இருக்கிறது, அழகாக இல்லை. பரவாயில்லை. எல்லாப் பதிவுக்கும் கீழே, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியலைக் குறைக்கச் சொன்னதை விட்டுவிட்டேன். எதில் ஆரம்பிக்கலாம் என்று தலைப்புக்கு ஒன்றைக் குறித்தால் போதும் என்று இப்போது படுகிறது. பொத்தானை மட்டும் அடியிலிருந்து மேலே கொண்டுவா.

என்னிடம் பேசிய பிறகுதான் கொடுப்பது என்றேனே, அது வேண்டாம். முதலில் அக்காவிடம் பேச வேண்டும் என்று இருந்திருந்தால் செம்மொழி வாங்கியே இருக்க மாட்டாள். அதே சமயம், பேச ஓர் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியோடு அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். இரண்டையும் சேர்த்து ஒரு விதியாக எழுத முயன்றேன், வரவில்லை. நீ அனுப்பிய எண்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். சிலர் எழுதினார்கள், பலர் எழுதவில்லை. அதில் ஒரு பெண் அதே பதிவைத் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறாள். அவளை அழைக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. அழைக்கவில்லை. அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளிநாட்டில் ஒருவரும் ஊரில் ஒருவருமாக இருப்பவர்களுக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். செம்மொழி தானாகவே கேட்டு வாங்கிப் படித்தாள். காத்திருப்பது ஒரு வலிமை என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். பேனாவால் அடித்துவிட்டாள். “காத்திருக்கச் சொல்லாதீங்க அக்கா. அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க” என்றாள். அந்தப் பகுதி முழுவதையும் மாற்றி எழுதினேன்.

அவள் வீடு மாறிய அன்று நானும் போயிருந்தேன். மாடிப் போர்ஷன். பக்கத்தில் கொப்பரை காயவைக்கும் களம். வீடு முழுக்கத் தேங்காய் வாசம். உன் அப்பா ஒரு மூட்டை அரிசியோடு வண்டியில் வந்து இறங்கி, மின்விசிறி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் அம்மா வரவில்லை. வருவார் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியாது.

குந்தவை

*

மஸ்கட்
20.6.2025

அன்புள்ள அக்கா,

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துகொண்டிருப்பதாக அப்பா சொன்னார். மச்சான் குறுவைக்கு நாற்று விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

புதிய பதிவின் கணக்கைப் பார்த்தேன். ஊரில் இருக்கும் பெண்கள் வாங்குவார்கள் என்றுதான் நாம் நினைத்தோம். வாங்கியவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். குவைத், தோஹா, சிங்கப்பூர். பொத்தானையும் அழுத்துகிறார்கள். போனில் பேசுகிறீர்களா என்றால் வேண்டாம் என்கிறார்கள். எழுதினால் பதில் எழுதுகிறார்கள். அவர்களை நீங்கள் என்னிடம் விட்டது நல்லது. ஒருவர், கேட்டு முடித்துவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை என்று எழுதினேன். பரவாயில்லை என்று பதில் போட்டார்.

அம்மா போன வாரம் பட்டுக்கோட்டைக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பெனியில் விசாரித்தேன். இரண்டாவது வருடம் இருக்க விருப்பமில்லை என்றால் அக்டோபருக்குள் சொன்னால் போதுமாம். முன்பு என்றால் அன்றே ஒரு முடிவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்திருப்பேன். இந்த முறை முடிவு எடுக்காமல் செம்மொழியிடம் சொன்னேன். வந்தால் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டாள். தஞ்சாவூரில் அக்காவோடு உட்கார்ந்து பதிவு செய்வேன், கல்யாண சீசனில் மண்டபங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பேன் என்றேன். வரவு குறையும் என்பதையும் மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “சரி. நானும் யோசிக்கணும். நீங்க வந்தா இந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்கு இப்ப தெரியல. காலாண்டுப் பரீட்சைக்குள்ள சொல்றேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எப்படி இருக்கும் என்று நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. யோசி என்று மட்டும் சொன்னேன்.

தினமும் பேசிக்கொள்கிறோம். மகள் சைக்கிள் கற்றுக்கொண்டு களத்தைச் சுற்றி ஓட்டுகிறாளாம். மழை தூறினால் கொப்பரையை அள்ளச் செம்மொழியும் கீழே இறங்கிப் போய்விடுகிறாளாம். நான் கேட்காமலே இதையெல்லாம் சொல்கிறாள். முன்பு இவ்வளவு சொன்னதில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தன் முடிவைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பரிதி